கூடைப்பந்தின் கதை – 24: ஊர் இழந்த அணிகளின் ஆண்டு, 1992

மாட்ரிடுக்குத் தெற்கே ஃபுவென்லப்ராடா என்று ஒரு புறநகர். வேலை தேடி வந்த குடும்பங்கள் குடியேறிப் பெருகிய ஊர். 1991-ல் அங்கே புதிய உள்ளரங்கம் ஒன்றைக் கட்டி, ஃபெர்னாண்டோ மார்ட்டினின் பெயரைச் சூட்டினார்கள். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் ஸ்பானியர் அவர். 1989 டிசம்பரில் கார் விபத்தில் இறந்துபோனவர். அரங்கம் தயார், ஆனால் ஐரோப்பியப் போட்டியில் ஆடும் அளவுக்கு ஊருக்கென்று ஓர் அணி இல்லை. அந்தப் பருவத்தில் அந்த மக்களுக்கு ஓர் அணி கிடைத்தது. அது பெல்கிரேடிலிருந்து வந்த பார்ட்டிசான்.

யூகோஸ்லாவியா அப்போது உடைந்துகொண்டிருந்தது. 1991 ஜூனில் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலையை அறிவித்தன. சில வாரங்களில் குரோஷிய மண்ணில் முழுப் போர் மூண்டது. அந்த நிலத்தில் போட்டி நடத்துவது ஆபத்து என்று சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபா முடிவு செய்தது. ஐரோப்பியக் கோப்பையில் ஆடத் தகுதி பெற்றிருந்த மூன்று கிளப்புகளும் தங்கள் 'சொந்தத் திடல்' ஆட்டங்களை வேறு நாட்டில் ஆட வேண்டும் என்று உத்தரவானது. மூன்றும் ஸ்பெயினுக்குப் போயின. அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஸ்பிளிட் அணி, வடமேற்கு முனையிலுள்ள லா கொருன்யாவுக்கு, ஸாக்ரெப் நகரத்து சிபோனா, தெற்கே காதிஸ் வட்டாரத்து புவெர்த்தோ ரியாலுக்கு, பார்ட்டிசான் ஃபுவென்லப்ராடாவுக்கு. நேற்றுவரை ஒரே லீகில் ஆடியவர்கள், ஒரு பக்கம் செர்பியர்களும் மறுபக்கம் குரோஷியர்களுமாக, அந்நிய நாட்டின் மூன்று மூலைகளில் தங்கள் 'உள்ளூர்' ரசிகர்களைத் தேடிக்கொண்டார்கள்.

இந்தப் பிரிவின் அறிகுறிகள் முன்பே தெரிந்தன. 1990 உலகக் கோப்பையை அர்ஜென்டினாவில் யூகோஸ்லாவியா வென்ற இரவு, குரோஷியக் கொடியோடு திடலுக்குள் ஓடிவந்த ஒரு ரசிகரின் கையிலிருந்து அதைப் பிடுங்கினார் செர்பியரான விளாடே திவாச். குரோஷியரான டிராஸன் பெத்ரோவிச்சுடன் அவருக்கு இருந்த நட்பு அத்தோடு முறிந்தது. 1991 ஐரோப்பியப் போட்டி ரோமில் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்லோவேனியாவிலிருந்து வந்த உத்தரவை ஏற்று, அரையிறுதிக்கு முன் அணியை விட்டு வெளியேறினார் யுரே ஸ்தோவ்ட்ஸ். அவர் இல்லாமலும் யூகோஸ்லாவியாதான் கோப்பையை வென்றது. அவ்வளவு திறமை குவிந்திருந்த அணி ஐரோப்பாவில் அதற்கு முன் இருந்ததில்லை என்றே சொல்லலாம். அதை யாரும் தோற்கடிக்கவில்லை. நாடு போனது, அணியும் போனது.

பார்ட்டிசானின் பயிற்சியாளர் ஸெல்கோ ஒப்ராதோவிச்சுக்கு 31 வயது. 1991 கோடை வரை அதே அணியில் பந்தை நடத்தும் கார்டாக ஆடியவர். ஒரு நாள் ஆட்டக்காரர், மறுநாள் பயிற்சியாளர். தேசிய அணியின் முகாமில் இருந்தபோது அழைப்பு வர, காலணியைக் கழற்றிவைத்துவிட்டுப் பொறுப்பை ஏற்றார். அனுபவமின்மையை ஈடுகட்ட, யூகோஸ்லாவியக் கூடைப்பந்தின் பேராசிரியர் என்று எல்லோரும் மதித்த அலெக்சாண்டர் நிகோலிச் ஆலோசகராக அமர்ந்தார். ஆட்டக்காரர்களில் வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லை. 24 வயது அலெக்சாண்டர் ஜோர்ஜெவிச்சும், அவரைவிட இளையவரான பிரெட்ராக் டானிலோவிச்சும்தான் அணியின் தூண்கள். காசு கொடுத்து அமெரிக்கர்களை எடுத்த இத்தாலிய, ஸ்பானிய அணிகளுக்கு எதிரில் இது பள்ளி அணி போலத் தெரிந்தது.

ஃபுவென்லப்ராடா மக்கள் இந்தப் பிள்ளைகளைச் சொந்தப் பிள்ளைகளாகவே எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானிய அணிகள் ஆட வந்தபோதும் கூட்டம் பார்ட்டிசானுக்கே கத்தியது. 'ஃபுவென்லப்ராடாவின் பார்ட்டிசான்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பருவத்தின் ஐரோப்பியக் கோப்பையில் பெல்கிரேடில் அவர்கள் ஆட முடிந்தது ஒரே ஓர் ஆட்டம்: காலிறுதியில் போலோஞா அணிக்கு எதிரான முதல் ஆட்டம். அதில் வென்று, பிறகு போலோஞாவிலேயே தொடரை முடித்தார்கள்.

இறுதிச் சுற்று இஸ்தான்புல்லில். அரையிறுதியில் மிலான் அணியை 82–75 என்று கடந்தார்கள். ஏப்ரல் 16 இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது பார்சிலோனாவை ஒட்டிய படலோனா நகரத்து ஜுவென்டுட். சரயேவோ முற்றுகை தொடங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஆட்டக்காரர்கள் மனதில் அது எப்படிக் கனத்திருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

ஆட்டம் முடியப் பத்து விநாடிக்கும் குறைவாக இருந்தபோது தோமாஸ் ஜொஃப்ரேசா போட்ட பந்து ஜுவென்டுட்டை 70–68 என்று முன்னே கொண்டுபோனது. பார்ட்டிசான் டைம் அவுட் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியிலிருந்து கோப்ரிவிட்சா பந்தைப் போட, ஜோர்ஜெவிச் வாங்கி முழுத் திடலையும் ஓடிக் கடந்தார். வலப்பக்கம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, காவலுக்கு நின்றவர் மேலே பாய்ந்துவர, கால் சரியாகத் தரிக்காமலே எறிந்தார். வலை அசைந்தது. 71–70. மிச்சமிருந்த சில விநாடிகளில் ஜுவென்டுட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது டானிலோவிச்சுக்குப் போனது. ஆனால் ஐரோப்பியக் கிளப் வரலாற்றில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் எறி ஜோர்ஜெவிச்சுடையது.

பார்ட்டிசான் தன் பட்டத்தைக் காக்கவே முடியாமல் போனது. மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை எண் 757 தீர்மானத்தின் வழியே செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் சேர்ந்த புதிய யூகோஸ்லாவியா மீது தடை விதித்தது. விளையாட்டும் அதில் அடக்கம். அடுத்த பருவத்தில் ஐரோப்பிய சாம்பியன் ஐரோப்பியக் கோப்பையில் நுழையவே இல்லை. டானிலோவிச் போலோஞாவுக்கும், ஜோர்ஜெவிச் மிலானுக்கும் போனார்கள். ஒப்ராதோவிச் சில காலம் கழித்துப் போய்ச் சேர்ந்த கிளப், இஸ்தான்புல்லில் அவர் கண்ணீர்விட வைத்த அதே ஜுவென்டுட். 1994-ல் டெல் அவிவ் நகரில் அந்த அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். மொத்தம் ஒன்பது முறை அந்தக் கோப்பையை வென்ற பயிற்சியாளர் அவர். இன்றுவரை வேறு யாரும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

அந்த வசந்தத்தின் மற்றக் கிளப் முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் நிலை ஐரோப்பியக் கோப்பையை ரியல் மாட்ரிட் 65–63 என்று கிரேக்கத்தின் பாவோக்கிடமிருந்து பறித்தது. ரிக்கி பிரவுனின் கடைசி நேரக் கூடைதான் காரணம். மூன்றாவதான கோராச் கோப்பை ரோம் அணிக்கு. அதன் நடு ஆட்டக்காரர் டினோ ராஜா, குரோஷியர். இத்தாலிய லீகை முதன்முறையாக வென்றது திரெவிசோ. அதன் நாயகன் டோனி குகோச், பயிற்சியாளர் பீட்டர் ஸ்கான்சி, இருவரும் குரோஷியர்கள். உடைந்த நாட்டின் ஆட்டக்காரர்கள் கண்டம் முழுவதும் சிதறி, போன இடமெல்லாம் கோப்பை எடுத்தார்கள்.

அமெரிக்காவில் அந்த ஆண்டு ஒரு நோயாளியோடு தொடங்கியது. தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக 1991 நவம்பர் 7 அன்று மேஜிக் ஜான்சன் அறிவித்து ஓய்வு பெற்றிருந்தார். ஆனாலும் ரசிகர்கள் அவரை நட்சத்திர ஆட்டத்துக்கு வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1992 பிப்ரவரி 9, ஆர்லாண்டோ. 25 புள்ளி, 9 அசிஸ்ட், கடைசியில் ஒரு மூன்று புள்ளிக் கூடை, சிறந்த ஆட்டக்காரர் விருது. எதிரணிக்காரர்கள் வந்து கட்டித் தழுவினார்கள். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று உலகமே நம்பிய நோய் அது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் 1986-ல் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபின் இங்கே பரவிய பீதியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, ஆர்லாண்டோவில் அந்தத் தழுவல்களின் மதிப்பு புரியும்.

மார்ச் 28 அன்று பிலடெல்பியாவில் கல்லூரிப் போட்டியின் மறக்க முடியாத ஆட்டம். கென்டக்கியிடம் ஒரு புள்ளி பின்தங்கிய டியூக் அணிக்கு 2.1 விநாடி மிச்சம். கிரான்ட் ஹில் திடலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எறிந்த பந்தைக் கிறிஸ்டியன் லேட்னர் பிடித்து, திரும்பி, போட்டார். 104–103. அன்று அவர் களத்திலிருந்து எறிந்த பத்தும், ஃப்ரீ த்ரோ பத்தும் தப்பவில்லை. என்.பி.ஏ. இறுதியில் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ், போர்ட்லாண்டை 4–2 என்று வென்று இரண்டாம் முறை பட்டத்தை எடுத்தது. முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் ஜோர்டன் 35 புள்ளி, அதில் ஆறு மூன்று புள்ளிக் கூடைகள். எப்படி விழுகிறது என்று தனக்கே தெரியவில்லை என்பதுபோல் அவர் தோளைக் குலுக்கிய படம் உலகமெங்கும் போனது.

இந்த ஜோர்டனும் மேஜிக்கும் ஒலிம்பிக்கில் ஆட வழி திறந்தது ஒரு செர்பியர். ஃபீபாவின் பொதுச் செயலாளர் போரிஸ்லாவ் ஸ்டான்கோவிச், உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு உலகின் மிகப் பெரிய போட்டியில் இடமில்லை என்பது பொய்யான ஏற்பாடு என்று ஆண்டுக்கணக்காக வாதாடியவர். 1989 ஏப்ரலில் மியூனிக்கில் நடந்த வாக்கெடுப்பில் 56–13 என்று அவர் தரப்பு வென்றது. அமெரிக்கக் கூட்டமைப்பே எதிர்த்து வாக்களித்தது. அவர் கனவு கண்ட ஒலிம்பிக் 1992-ல் பார்சிலோனாவில் வந்தபோது, அதில் அவருடைய சொந்த நாட்டின் அணிக்குத்தான் அனுமதி இல்லை.

அமெரிக்கா அந்த ஒலிம்பிக்குக்கு அனுப்பிய ட்ரீம் டீமைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆகவே இங்கே அதிகம் வேண்டாம். பன்னிரண்டு பேர், லேட்னர் ஒருவர்தான் கல்லூரிப் பையன். ஜூன் கடைசியில் போர்ட்லாண்ட் நகரில் நடந்த அமெரிக்கக் கண்டத் தகுதிப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே கியூபாவை 136–57 என்று நொறுக்கினார்கள். ஒலிம்பிக்கில் எட்டு ஆட்டம், எட்டு வெற்றி. சராசரி இடைவெளி கிட்டத்தட்ட 44 புள்ளி. பயிற்சியாளர் சக் டேலி ஒரு முறைகூட டைம் அவுட் கேட்கவில்லை. அவர்கள் ஆடிய அரங்கம் பார்சிலோனா நகருக்குள் இல்லை. படலோனாவில், ஜுவென்டுட்டின் சொந்தத் திடலில்.

முதல் ஆட்டத்தில் அங்கோலா 116–48 என்று தோற்றது. இடையே அமெரிக்கர்கள் 46 புள்ளி எடுக்கும் நேரத்தில் அங்கோலா எடுத்தது ஒரே ஒரு புள்ளி. சார்லஸ் பார்க்லி, ஒல்லியான எர்லாண்டர் கோய்ம்ப்ராவின் நெஞ்சில் முழங்கையால் இடித்தது அன்றைய தலைப்புச் செய்தி. அந்த அணியை வேடிக்கைப் பொருளாகக் காட்டியவர்கள் அதே வாரம் நடந்ததை எழுத மறந்துவிட்டார்கள். ழான்-ழாக் கொன்சைசாவ் தலைமையில் அங்கோலா, போட்டியை நடத்தும் நாடான ஸ்பெயினை அதே அரங்கில் 83–63 என்று இருபது புள்ளி இடைவெளியில் வீழ்த்தியது. பதினைந்து ஆண்டுக்கு மேல் உள்நாட்டுப் போரில் கருகிய நாடு அது. 1991 மே மாதம் கையெழுத்தான அமைதி உடன்பாட்டின் கீழ் தேர்தலுக்குக் காத்திருந்தது. ஸ்பெயின் ஒன்பதாம் இடத்துக்குப் போனது. 1965 முதல் ஸ்பானிய அணியைப் பயிற்றுவித்த டியாஸ்-மிகெலின் காலம் அத்தோடு முடிந்தது. ஆப்பிரிக்கக் கூடைப்பந்தின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் ட்ரீம் டீம் ஆட்டத்தைவிட இந்த ஆட்டத்துக்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்க வேண்டும்.

இப்போது லிதுவேனியா. இந்த ஆண்டில் என் மனம் அதிகம் தங்கும் கதை இது.

1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 82–76 என்று வீழ்த்தித் தங்கம் வென்ற சோவியத் அணியின் முக்கிய ஆட்டக்காரர்களில் நால்வர் லிதுவேனியர்கள்: அர்விதாஸ் சபோனிஸ், ஷருனாஸ் மார்ச்சுலியோனிஸ், ரிமாஸ் குர்தினைதிஸ், வால்தேமாரஸ் ஹோமிசியுஸ். சோவியத் பிடிக்குள் போகும் முன், 1937-லும் 1939-லும் ஐரோப்பிய சாம்பியனாக இருந்த நாடு லிதுவேனியா. 1980-களில் கௌனஸ் நகரத்து ஸால்கிரிஸ் அணி மாஸ்கோவின் ராணுவ அணியை வீழ்த்தி மூன்று முறை தொடர்ந்து சோவியத் லீகை வென்றபோது, அந்த ஆட்டங்களை மக்கள் வெறும் விளையாட்டாகப் பார்க்கவில்லை. 1990 மார்ச்சில் நாடு விடுதலையை அறிவித்தது. 1991 ஜனவரியில் வில்னியுஸ் தெருக்களில் சோவியத் டாங்குகள் வந்தன. தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சுற்றி நின்ற மக்கள் பலர் உயிரிழந்தார்கள்.

விடுதலை வந்தது, கருவூலத்தில் பணம் வரவில்லை. அப்போது கலிபோர்னியாவில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த மார்ச்சுலியோனிஸ், அங்கே துணைப் பயிற்சியாளராக இருந்த டோனி நெல்சனுடன் சேர்ந்து தேசிய அணிக்கு நிதி திரட்டக் கிளம்பினார். அதே வட்டாரத்து ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் உதவ முன்வந்தது. பணத்தோடு, லிதுவேனியக் கொடியின் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில் சாயம் தோய்த்த டீ-ஷர்ட்டுகளும் வந்தன. நெஞ்சில் பந்தை வளையத்துக்குள் இறக்கும் எலும்புக்கூடு ஒன்றின் படம். நெல்சன் பயிற்சிக் குழுவிலும் சேர்ந்தார்.

ஸ்பெயினில் நடந்த தகுதிச் சுற்றைத் தாண்டி ஒலிம்பிக்குக்கு வந்தார்கள். அரையிறுதியில் ட்ரீம் டீமிடம் 127–76 என்ற தோல்வி. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 8 வெண்கலப் பதக்க ஆட்டம்தான் அவர்களுக்கு இறுதி ஆட்டம். எதிரே, முன்னாள் சோவியத் நாடுகள் சேர்ந்து ஆடிய ஒருங்கிணைந்த அணி. நான்கு ஆண்டுக்கு முன் ஒரே சீருடையில் தங்கம் வாங்கியவர்களில் சிலர் அங்கேயும் இருந்தார்கள். முதற்சுற்றில் அதே அணி லிதுவேனியாவை 92–80 என்று தோற்கடித்திருந்தது.

மார்ச்சுலியோனிஸ் 29 புள்ளி. காலில் பலமுறை அறுவை செய்துகொண்ட சபோனிஸ் 27 புள்ளி, 16 ரீபவுண்ட். 82–78. ஆட்டம் முடிந்ததும் நாட்டுத் தலைவர் விதாவுதாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் உடைமாற்றும் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். ஆட்டக்காரர்கள் அவர்மேலும் ஷாம்பெயினைப் பொழிந்தார்கள். பதக்க மேடைக்கு அந்தச் சாயச் சட்டைகளையே போட்டுக்கொண்டு போனார்கள். அன்று மேடையில் தங்கம் வாங்கியவர்களைவிட மூன்றாம் இடத்துக்காரர்களே அதிகம் மகிழ்ந்திருந்தார்கள்.

வெள்ளி வாங்கிய குரோஷியாவுக்கு அது தன் பெயரில் வந்த முதல் கோடை ஒலிம்பிக். அரையிறுதியில் ஒருங்கிணைந்த அணியை 75–74 என்று மயிரிழையில் கடந்தார்கள். முதற்சுற்றில் அமெரிக்காவுடன் ஆடியபோது ஜோர்டனும் ஸ்காட்டி பிப்பனும் குகோச்சைப் பந்தே தொட விடாமல் விரட்டினார்கள். அவர்களுடைய சிகாகோ கிளப்பின் மேலாளர் ஜெரி கிராஸ் இந்த ஐரோப்பியரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதால் வந்த கோபம். பாவம், குகோச் அதற்கு என்ன செய்வார்? ஆனால் இறுதி ஆட்டத்தில் அவர் நிமிர்ந்து நின்று ஆடினார். பெத்ரோவிச் 24 புள்ளி எடுத்தார். முதல் பாதியில் ஒரு கட்டத்தில் ஸ்கோர் பலகை குரோஷியா 25, அமெரிக்கா 23 என்று காட்டியது. முடிவு 117–85. அந்த 32 புள்ளிதான் ஒலிம்பிக்கில் ட்ரீம் டீமுக்கு அமைந்த மிகக் குறைந்த இடைவெளி.

பெண்கள் போட்டியில் அமெரிக்கக் கனவு பலிக்கவில்லை. அரையிறுதியில் ஒருங்கிணைந்த அணி அவர்களை 79–73 என்று வெளியேற்றி, இறுதியில் சீனாவை 76–66 என்று வென்றது. வீடு திரும்பியபோது அந்தத் தங்க மங்கையரின் அணியே கலைந்துபோனது. வேறு வேறு நாட்டுக் கொடிகளின் கீழ் போனார்கள். சீனாவின் வெள்ளியும் பெரிய செய்தி. 2.04 மீட்டர் உயர ஷெங் ஹைஷியாவை மையமாக வைத்து, பெண்கள் கூடைப்பந்தில் உலகின் இரண்டாம் இடத்தைப் பிடித்தார்கள். ஆண்கள் ஆட்டத்துக்கு நீண்ட கட்டுரைகள் எழுதிய பத்திரிகைகள் இதற்குச் சில வரிகளே தந்தன என்பது அந்தக் காலத்தின் குறை. இன்னும் முழுதாகத் தீராத குறை.

நவம்பர் 2 அன்று மேஜிக் ஜான்சன் மீண்டும் ஓய்வை அறிவித்தார். புதிய பருவத்தில் ஆட வந்தவரோடு மோதி ஆடுவதில் சக ஆட்டக்காரர்கள் சிலருக்கு அச்சம். கார்ல் மலோன் அதை வெளிப்படையாகவே சொன்னார். பார்சிலோனாவில் மேஜிக்கோடு தங்கப் பதக்கம் வாங்கியவர் அவர்.

பார்சிலோனாப் பதக்கப் பட்டியலில் ஒரு குறை இருக்கிறது என்று அழுத்திச் சொல்ல வேண்டும். அப்போதைய ஐரோப்பிய சாம்பியனும் உலக சாம்பியனும் யூகோஸ்லாவியாதான். அந்தப் பெயரில் எந்த அணியும் அங்கே ஆடவில்லை. பெத்ரோவிச், குகோச், ராஜாவின் குரோஷியா பெரியதா, திவாச், டானிலோவிச், ஜோர்ஜெவிச் சேர்ந்த அணி பெரியதா என்பதைத் திடல் சொல்லவே இல்லை.

தடையால் செர்பிய அணிகள் வீட்டில் அடைபட்டபோது, பயிற்சியாளர்களைத் தடுக்க யாராலும் முடியவில்லை. 1993-ல் ஐரோப்பியக் கிளப் கோப்பையைப் பிரான்சின் லிமோஜ் வென்றது. பயிற்சியாளர் போஸிதார் மால்கோவிச். அதே ஆண்டு தேசிய அணிகளின் ஐரோப்பியப் பட்டத்தை முதன்முறையாக ஜெர்மனி எடுத்தது. பயிற்சியாளர் ஸ்வெடிஸ்லாவ் பெஷிச். இருவரும் யூகோஸ்லாவியப் பள்ளியில் வளர்ந்தவர்கள். அவர்களின் கதையையும், அந்த ஆண்டு ஜூன் 7 அன்று ஜெர்மன் நெடுஞ்சாலையில் 28 வயதில் மறைந்த டிராஸன் பெத்ரோவிச்சின் கதையையும் அடுத்த பகுதியில் படிக்கலாம்.